சும்மா தடுப்புக்குத்தான்

மூன்று அட்டைகளையும் கவுன்டரில் வைத்து, மேலே பில்லை மடித்து வைத்தார். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், அட்டைக்குப் பத்தாக முப்பது மாத்திரை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"இதைத் திருப்பி எடுத்துக்குவாங்களா கண்ணு?"

பில் தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் பார்மசியில் பதினைந்து நாளுக்குள் பில்லோடு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். பேட்ச் எண் சரியாக இருந்தது, அட்டை கசங்கவில்லை. "ஏம்மா, டாக்டர் மாத்திரையை மாத்திட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு, நானேதான் நிறுத்திட்டேன். நீதானே சொன்ன, சும்மா தடுப்புக்குத்தான்னு."

அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ரிட்டர்ன் போட்டு, ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் பர்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருடம் ஆகப்போகிறது. அட்டைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன், அன்று மாலையே வேறு யாருக்கோ விற்றும் போயின. ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் போகவில்லை.

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். அதற்கு ஐந்து மாதம் முன்னால், முதல் சீட்டோடு அவர் வந்த அன்று சொன்னேன். ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்திருந்தது. முளைத்து வரும் முடி தெரியாமல் முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். சீட்டை நீட்டிவிட்டு, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத குரலில் கேட்டார். "அறுத்து எடுத்தாச்சு, மருந்து ஏத்தியாச்சு, கரண்டும் வச்சாச்சு. இன்னும் அஞ்சு வருசத்துக்கு மாத்திரைன்னா, உள்ள இன்னும் இருக்குதா?"

இதற்கு நேர்மையான பதில் "யாருக்கும் தெரியாதும்மா" என்பதுதான். ஸ்கேனில் தெரியாத அளவு நோய்ச் செல்கள் எங்காவது தங்கியிருக்கலாம், தங்காமலும் இருக்கலாம். இருந்தால் அவற்றுக்குத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் இந்த மாத்திரையின் வேலை. இதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. "அதெல்லாம் இல்லம்மா. இது சும்மா தடுப்புக்குத்தான். பயப்படாதீங்க" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். அன்று முழுக்க, நல்லதாக ஒரு வேலை செய்தோம் என்ற நினைப்பில்தான் இருந்தேன்.

தடுப்புக்கு என்பது பொய் இல்லை. டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் முன்னால் ஒரு "சும்மா" சேர்த்தேன், பின்னால் ஒரு "தான்" சேர்த்தேன். பயத்தைக் குறைக்கத்தான் சேர்த்தேன். ஆனால் அந்த இரண்டு சொல்லும் பயத்தோடு சேர்த்து மாத்திரையின் மதிப்பையும் குறைத்துவிட்டன. வலி இல்லாத வரைக்கும் தெரியவில்லை. வலி வந்ததும் அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் வலி, இன்னொரு பக்கம் "சும்மா". எது ஜெயிக்கும்?

வலியைப் பற்றி மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். பணத்தை எண்ணுவதற்கு முன்னால் அவர் வலது கையை எனக்குக் காட்டினார். சேலம் சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை. கடுகளவு வெள்ளி வளையத்தைச் சாமணத்தால் எடுத்து, ஒன்றில் ஒன்றைக் கோத்து, பொடி வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியில் பழைய தீக்காயங்கள் வரிசையாக இருந்தன, நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் வெள்ளித்தூள் ஏறியிருந்தது. விரல்களை மடக்கிக் காட்ட முயன்றார். பாதி வரைதான் மடங்கின. "விடிஞ்சா கை மரக்கட்டையாட்டம் இருக்குது. பத்து மணி ஆகுது பிடி வர. அதுக்குள்ள மத்தவங்க ஒரு ஜோடி முடிச்சிடறாங்க" என்றார்.

இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வரைக்கும் மூட்டு வலியோ விறைப்போ வருகிறது. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை, எனக்குப் பாடத்திலேயே இருந்தது. முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால், வலி வந்தபோது "இதைத்தான் சொன்னாங்க" என்று டாக்டரிடம் போயிருப்பார்.

பெயரிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை என்கிறோம். கேட்பவர்கள் ஹார்மோனை உள்ளே செலுத்துகிற மாத்திரை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது ஹார்மோனைத் தடுப்பது. இந்த அம்மா முதல் மாதமே கேட்டார். "எனக்குத் தூரம் நின்னே நாலு வருசமாச்சு, இன்னும் என்ன ஹார்மோன்?" நல்ல கேள்வி. நோய்ச் செல்களுக்குத் தீனியாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்; சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசுவிலும் தசையிலும் அது கொஞ்சம் உண்டாகிக்கொண்டேதான் இருக்கும். அதை உண்டாக்கும் நொதியைத்தான் லெட்ரோசோல் கட்டிப்போடுகிறது. ஈஸ்ட்ரோஜன் அடியோடு குறைவதால்தான் மூட்டு இறுகுகிறது, எலும்பும் மெலிகிறது. அதாவது மருந்து வேலை செய்கிற இடத்திலிருந்தேதான் அந்த வலியும் வருகிறது. நான் அன்று "டாக்டரைக் கேட்டுக்குங்கம்மா" என்று முடித்துக்கொண்டேன்.

ரிட்டர்ன் போட்ட அன்று இரவு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை. உடம்பு அவருடையது. பணத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நான் மறுத்திருந்தால் மாத்திரை அவர் வயிற்றுக்குள் போயிருக்காது, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்திருக்கும். எல்லாம் சரியான வாதங்கள். இப்போதும் இவற்றில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

அதோடு, வேண்டாம் என்று சொல்லும் பெண்கள் எல்லோரும் அறியாமையால் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை நோய்க்கு, டமாக்சிஃபென் என்ற பழைய ஹார்மோன் தடுப்பு மாத்திரையை 5 வருடம் எடுத்தவர்களில், இந்த நோயால் இறப்பது 15 வருடக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் வகை அதைவிடச் சற்று மேல் என்று 2015-இல் அதே குழு எழுதியது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு என்று பார்க்க வேண்டும். நூறில் முப்பது பேருக்கு ஆபத்து என்ற நிலையில், மாத்திரை பத்துப் பேரைக் காக்கும். நூறில் ஆறு பேருக்குத்தான் என்ற நிலையில், இரண்டு பேரை. அந்த இரண்டு பேருக்காக நூறு பேரும் ஐந்து வருடம் விழுங்க வேண்டும். பால் குழாயைத் தாண்டாத ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்தவர்களுக்கு லாபம் இன்னும் குறைவு. அவர்களில் ஒருவர் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கு வேண்டாம் என்றால், அது அவருடைய முடிவு. நான் மதிப்பேன்.

ஆனால் இந்த அம்மா அந்த ரகம் இல்லை. அது எனக்குத் தெரியும். முதல் நாளே சீட்டோடு பிளாஸ்டிக் கவரில் மொத்த ஃபைலையும் நீட்டியிருந்தார். அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் மூன்றில் நோய் இருந்தது. ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை. அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் "சும்மா" என்றேன். அதே அம்மாவுக்குத்தான் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

அன்று ரெண்டே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். "விரல் வலிக்கு வழி இருக்கும்மா, இதே வகையில் வேற மாத்திரை இருக்கு, ஒண்ணு ஒத்துக்காதவங்களுக்கு இன்னொண்ணு ஒத்துக்கலாம். நிறுத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கையை மட்டும் காட்டிட்டு வாங்க." அனஸ்ட்ரோசோல் இருக்கிறது, எக்ஸிமெஸ்டேன் இருக்கிறது. அதுவும் ஆகாவிட்டால் டமாக்சிஃபென். அதற்கு ரத்தக்கட்டு, கர்ப்பப்பை என்று வேறு கவலைகள் உண்டு, ஆனாலும் விரல் மடங்கும். சில வாரம் நிறுத்திப் பார்த்து ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. இவ்வளவும் என் நாக்கு நுனியில் இருந்தது. வரிசை நீளமாக இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். வரிசை தினமும்தான் நீளமாக இருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. கொலுசு வேலை செய்கிறவர்கள் மில்லிகிராம் பார்ப்பவர்கள். அவர் ஏன் பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை? பணம்தான் வேண்டும் என்றால் பில்லைக் கொடுத்து மகனை அனுப்பியிருக்கலாமே. யாராவது "நிறுத்தாதீங்க" என்று சொல்வார்களா என்று பார்க்கத்தான் பஸ் ஏறி வந்தாரோ? இதுவும் நானாகக் கட்டிக்கொண்ட கதையாக இருக்கலாம்.

நான்கு நாள் கழித்துப் போன் செய்தேன். பில்லில் இருக்கும் நம்பருக்கு நாமாகக் கூப்பிடக் கூடாது என்பது விதி. ரிட்டர்ன் விஷயத்தில் விதியைப் பிடித்துக்கொண்ட நான் இதில் மீறினேன். மருமகள் எடுத்து, "அத்தை பட்டறையில இருக்காங்க" என்று கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னால் கேஸ் நெருப்பு உஸ்ஸென்று எரியும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் சும்மான்னு சொன்னது தப்பும்மா. அது சும்மா இல்ல" என்றேன்.

நெருப்பை அணைத்தார். சத்தம் நின்றது. "அப்ப உள்ள இருக்குதா?"

அதே கேள்வி. இந்த முறை சொன்னேன். "தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது. ஒருவேளை இருந்தா அது வளராம இருக்கத்தான் மாத்திரை. விரலுக்கு வேற வழி பண்ணலாம், வந்து டாக்டரைப் பாருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். அப்புறம் கோபமே இல்லாமல் சொன்னார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா இந்த அஞ்சு மாசமும் தூங்கியிருக்க மாட்டேன் கண்ணு."

இதற்கு என்ன பதில் சொல்வது? அவருக்கு நான் கெடுதல் செய்தேன் என்று நினைத்துத்தான் போன் செய்தேன். அந்த "சும்மா" அவருக்கு ஐந்து மாதத் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறது. அதை நான் போனில் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்கு ரிட்டர்ன் தேதி பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அவர் அன்று இரவு எப்படிப் படுத்திருப்பார் என்று நினைத்தால், உண்மையை முதல் நாளே, மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது. கவுன்டரில் உட்கார இடம் ஏது?

அடுத்த மாதம் டாக்டரிடம் வந்தார். எக்ஸிமெஸ்டேன் எழுதிக் கொடுத்தார்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்றும், கால்சியமும். என் கவுன்டரிலேயே ஒரு மாதத்துக்கு வாங்கினார். பாக்கியை எண்ணிப் பார்த்து வைத்துக்கொண்டார். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், "பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

அதற்குப் பிறகு வரவில்லை. வேறு கடையில் வாங்கலாம். சரக்குக் கொடுக்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகிறபோது அங்கேயே மலிவாகக் கிடைத்திருக்கலாம். கணினியில் அவர் பெயரை அடித்தால் அந்தக் கடைசி பில் தேதிதான் வருகிறது. நம்பரும் பக்கத்திலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை அடித்துப் பார்க்கிறேன், கூப்பிடவில்லை.