கன்சாலிடேஷனும் அப்பாவின் செம்பனையும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். கணக்கியல் பட்டப்படிப்பில் அட்வான்ஸ்ட் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் பாடத்தை முதல் தடவை கோட்டை விட்டேன். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வு வரைக்கும் டெபிட், கிரெடிட் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் விழுந்த அடி பலமாகவே இருந்தது.

என்னைக் கவிழ்த்தது கன்சாலிடேஷன். தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனங்களையும் ஒரே நிறுவனமாகக் காட்டும் கணக்கு. வரிக்கு வரி கூட்டினால் ஆயிற்று என்று நினைத்துவிட்டேன். தங்களுக்குள் நடந்த வியாபாரத்தை ஏன் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

மறுதேர்வுக்கு முந்திய விடுமுறையில், எங்கள் ஊர்த் தொழிலை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாய் நிறுவனத்திடம் சுத்திகரிப்பு ஆலை. துணை நிறுவனத்திடம் எண்ணெய் ஆலை. அதில் தாய்க்கு 80 விழுக்காடு பங்கு. 80,000 வெள்ளி (ரிங்கிட்) அடக்கமுள்ள எண்ணெயைத் துணை நிறுவனம் தாய்க்கு 100,000 வெள்ளிக்கு விற்கிறது. ஆண்டு முடிவில் அதில் கால் பங்கு இன்னும் தாங்கியில் கிடக்கிறது. அதற்கு வெளியாள் யாரும் காசு தரவில்லையே, பிறகு 20,000 வெள்ளி லாபத்தில் கால் பங்கான அந்த 5,000 வெள்ளி எப்படி லாபமாகும்? கையிருப்பிலிருந்து கழித்தே ஆக வேண்டும். விற்றது துணை நிறுவனம் என்பதால் 4,000 தாயின் பங்குதாரர்களுக்கு, 1,000 மீதி 20 விழுக்காடு வைத்திருக்கும் சிறுபான்மைப் பங்குதாரர்களுக்குக் குறையும். இதைப் போட்டு முடித்தபோது இரவு மணி இரண்டு. அழுகையே வந்துவிட்டது.

இதே பாடத்தில் வரும் ஒத்திவைத்த வரி, குத்தகைக் கணக்கு இரண்டும் பயிற்சி செய்யச் செய்ய வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது விவசாயக் கணக்கு. 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தப்படி செம்பனை மரம், ஆலை, இயந்திரம் போன்ற சொத்துகளுக்கான மலேசியக் கணக்குத் தரமான எம்எஃப்ஆர்எஸ் 116க்குள் போய்விட்டது. காய்ப்புக்கு வரும்வரை ஆகும் செலவைச் சேர்த்துவைத்து, பிறகு இயந்திரத்தைப் போலவே தேய்மானம் போட வேண்டும். மரத்தில் தொங்கும் குலை மட்டும் விவசாயத்துக்கான எம்எஃப்ஆர்எஸ் 141இல், விற்பனைச் செலவு போக நியாய மதிப்பில், அதாவது அன்றைக்குச் சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையில். பழுக்காத குலைக்கு என்ன மதிப்பு போடுவது? குலை வெட்டும் அப்பாவிடமே கேட்டேன்.

"காய் கறுப்பா இருக்கறப்ப எண்ணெயே இருக்காது கண்ணு. கடைசி சில வாரத்துலதான் பிடிக்கும்."

பிறகு தோட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், அறுவடைக்குச் சில வாரமே இருக்கும் குலைகளைத்தான் மதிப்பில் சேர்க்கிறார்கள். காரணமும் அப்பா சொன்னதேதான். இந்தப் பாடம் படிக்கிறவர்கள் அந்த அறிக்கைகளின் பின்குறிப்புகளை அவசியம் படியுங்கள்; பாடப்புத்தகத்தில் இவ்வளவு தெளிவு கிடைக்காது.

மறுதேர்வு எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து உள்ளங்கையில் ஏறியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம மரம் வந்துச்சா பரீட்சையில?"

வந்திருந்தது, பத்து மார்க்குக்கு.