பிள்ளைக்கு என்ன பேர்னு கேட்டாங்க

போன வருஷம், கர்ப்பத்தோட 34வது வாரத்துல, வயித்துக்குள்ளயே எங்க பொண்ணு போயிட்டா. நாங்க லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கோம், ஊர் திருச்சி, இவர் வேலைக்காக வந்தார், நான் டிபெண்டன்ட் விசால வந்தவ. இத எழுதறதா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன், யார கேக்கணும் என்ன கேக்கணும்னு தெரியாம நான் நின்ன மாதிரி இன்னொருத்தி நிக்கக் கூடாதுன்னுதான் எழுதறேன்.

அசைவு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஓடினோம், ஸ்கேன்ல துடிப்பு இல்லன்னுட்டாங்க. உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவாங்கன்னு நெனச்சேன். அப்படி இல்ல, ஒரு மாத்திரைய குடுத்து, ரெண்டு நாள் கழிச்சு வாங்க, வலி வர வைக்கிறோம்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த ரெண்டு நாள பத்தி என்னால இன்னும் எழுத முடியல.

பிரசவம் பாத்த ரூம் மத்தவங்க ரூம்ல இருந்து தள்ளி இருந்துச்சு. பிரீவ்மென்ட் மிட்வைஃப்னு குழந்தைய இழந்தவங்களுக்குன்னே ஒருத்தங்க இருக்காங்க. அவங்க குளிர்ச்சியா வைக்கிற தொட்டில் கொண்டு வந்ததால ராத்திரி முழுக்க அவள பக்கத்துலயே வச்சிருந்தோம். கை கால் அச்சு எடுத்து, கொஞ்சம் முடி வெட்டி, ஒரு பெட்டியில போட்டுக் குடுத்தாங்க. நான் வேணாம்னுட்டேன், பாக்கவே கூடாதுன்னு ஊர்ல சொல்வாங்கல்ல. இவர்தான் வாங்கி வச்சார். இப்ப எங்கிட்ட இருக்கிறது அந்தப் பெட்டி மட்டும்தான், பாக்க மனசு வரலேன்னாலும் வாங்கி வச்சுக்கோங்க. போஸ்ட்மார்ட்டத்துக்கு கையெழுத்து கேப்பாங்க, முழுசா வேணாம்னா நஞ்சுக்கொடிய மட்டும் பரிசோதிக்கச் சொல்லலாம், நாங்க அதத்தான் சொன்னோம்.

மூணாவது நாள் பால் கட்டிடுச்சு. இப்படி ஆகும்னு ஒருத்தரும் சொல்லி அனுப்பல. அம்மா வாட்ஸ்அப்ல அழுதுகிட்டே "மல்லிப்பூ வாங்கி மார்ல வச்சுக் கட்டுடி, வத்திடும்"னாங்க. இவர் கடை கடையா ஏறி ரெண்டு முழம் வாங்கிட்டு வந்தார், என் வளைகாப்புக்கு பூ வாங்கின அதே கடை. பால் நிக்க மாத்திரை இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, பிரசவம் ஆன கையோட கேட்டு வாங்கிக்கோங்க, பிபி இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, அவங்களுக்கு அது ஆகாது.

பச்சப்பிள்ளைய எங்க வழக்கத்துல எரிக்க மாட்டோம், புதைக்கிறதுதான். எவ்ளோ ஆகுமோன்னு இவர் பயந்துகிட்டே கேட்டார். 24 வாரம் தாண்டி இறந்து பிறந்த குழந்தைக்கு இங்கிலாந்துல அந்தக் கட்டணத்த 2019ல இருந்து அரசாங்கமே குடுக்குதாம், நாங்க கட்ட வேண்டியதில்லன்னுட்டாங்க. 42 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், பேரும் சேத்துக்கலாம்னாங்க, கயல்னு எழுதினோம். 24 வாரத்துக்கு முன்னாடி இழந்தவங்களுக்கும் 2024 பிப்ரவரில இருந்து கேட்டா இலவசமா ஒரு சான்றிதழ் தர்றாங்க. லீவு விஷயத்துல இவர் மேனேஜர், ஆனுவல் லீவுல ஒரு வாரம் எடுத்துக்கோன்னார். 2020 ஏப்ரல்ல வந்த சட்டப்படி குழந்தைய இழந்த பெத்தவங்களுக்கு தனியா ரெண்டு வாரம் லீவு உண்டு, வேலைக்கு சேந்த முதல் நாள்ல இருந்தே உண்டு, அத எடுத்துக் காட்டின பிறகுதான் ஹெச்ஆர் சரின்னாங்க. எனக்கு வேலை இல்ல, ஆனா வேலைக்குப் போற அம்மாவுக்கு 24 வாரம் தாண்டியிருந்தா மகப்பேறு லீவு 52 வாரமும் அப்படியே உண்டு, திரும்பி வரச் சொன்னா ஒத்துக்காதீங்க.

இதெல்லாம் முடிஞ்சப்புறம் வீடு அமைதியாயிடுச்சு. ஊர்ல இருந்து பேசினவங்க எல்லாரும் "அடுத்தது நல்லபடியா பொறக்கும்"னுதான் சொன்னாங்க, ஒருத்தர் கூட அவ பேர சொல்லல. பெட்டிக்குள்ள சாண்ட்ஸ் அமைப்போட நம்பர் இருந்துச்சு, 1978ல இருந்து குழந்தைய இழந்தவங்களுக்காகவே இருக்கிறவங்க. மூணு தடவ போட்டு கட் பண்ணிட்டேன், நாலாவது தடவ பேசினேன், முக்கால்வாசி அழுகைதான், அவங்க அவசரப்படுத்தவே இல்ல.

அப்புறம் என்ஹெச்எஸ் டாக்கிங் தெரபீஸ்ல, அதான் இங்க அரசாங்க மருத்துவத்துல இருக்கிற கவுன்சிலிங்ல, நானே பதிஞ்சேன், ஜிபி, அதான் நம்ம குடும்ப டாக்டர், லெட்டர் எல்லாம் வேண்டியதில்ல. எனக்கு இங்கிலீஷ் வரும், ஆனா அழும்போது தமிழ்தான் வருது, அதனால தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்னு பாரத்துலயே எழுதிட்டேன், அதுக்கும் காசு கிடையாது. தெரிஞ்சவங்களா வந்துட்டா ஈஸ்ட் ஹாம் பூரா பரவிடுமோன்னு பயமாதான் இருந்துச்சு, கேட்டதுக்கு அவங்க வெளிய பேசக் கூடாதுன்னு விதி இருக்குன்னாங்க.

மொழிபெயர்த்துச் சொல்ல போன்ல வந்தவங்க ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. கவுன்சிலர் இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாங்க, எனக்கு சரியா காதுல விழல. அக்கா மெதுவா, "பிள்ளைக்கு என்ன பேர் வச்சனீங்கள்?"னாங்க. தமிழ்ல அந்தக் கேள்விய எங்கிட்ட அதுவரைக்கும் யாருமே கேக்கல. கயல்னு சொன்னேன். அக்கா ஒரு தடவ "கயல்"னு திருப்பிச் சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம்தான் அத கவுன்சிலர்கிட்ட சொன்னாங்க. மிச்ச வாரமெல்லாம் அதே அக்காதான் வேணும்னு கேட்டு வாங்கிகிட்டேன்.