புரெவிக்காகக் காத்திருந்த கல்லடி

நவம்பர் பிறந்து, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகியிருப்பதாக வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்துவிட்டால், எங்கள் ஊரான மட்டக்களப்புக் கல்லடியில் அறுபது வயதைத் தாண்டிய எவரும் அந்தத் தாழமுக்கத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். எழுபத்தெட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி 915 பேரின் உயிரைக் குடித்ததென்றும், மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை வீழ்த்தியதென்றும், மீன்பிடிப் படகுகளில் ஐந்திலொன்றை அழித்ததென்றும் பதிவுகள் கூறுகின்றன. என் அம்மம்மாவிடம் இந்தக் கணக்குகள் எதுவும் இல்லை. அவரிடம் இருப்பவை, கூரை ஓடுகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்ட சத்தமும், நெல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் பிள்ளைகளைச் செருகிவைத்துவிட்டு விடியும்வரை அவர்கள் மேல் கவிழ்ந்து கிடந்த நினைவும், விடிந்ததும் வாசலில் நின்று பார்த்தபோது அடுத்த ஊர்க் கோயில் இங்கிருந்தே தெரிந்தது என்ற வியப்பும்தான். இடையில் நின்ற தென்னைகள் எல்லாம் படுத்துவிட்டிருந்தன.

ஆகவே 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி என்ற சூறாவளி வருகிறதென்று நாங்கள் காத்திருந்தபோது, வீட்டில் நடந்த ஆயத்தங்கள் எல்லாம் எழுபத்தெட்டுக்கான ஆயத்தங்களாகவே இருந்தன. தம்பி குசினிக் கூரையின் தகரத்தில் மணல் மூட்டைகளை ஏற்றினான். அப்பா ஆள் பிடித்து, வீட்டுக்கு மேலே சாய்ந்து நின்ற இரண்டு தென்னைகளின் குலைகளையும் காய்ந்த மட்டைகளையும் இறக்குவித்தார். இது வீண் வேலையென்று நினைப்பவர்கள், சூறாவளிக் காற்றில் ஒரு தேங்காய் எவ்வளவு தூரம் போகும் என்பதை எங்கள் பக்கத்து முதியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கறண்ட் போய்விட்டால் மோட்டார் இயங்காது என்பதனால் நீர்த்தாங்கியை நிரப்பி, பிறகு வாளிகளையும், பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் பெரிய பானைகளையும் நிரப்பினோம். அம்மா காணி உறுதி, அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையொன்றில் இட்டு, அதை இன்னொரு பையில் இட்டு, நெருப்புப்பெட்டியோடு சேர்த்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். சுனாமியில் எல்லாப் பத்திரங்களையும் இழந்து, இறந்தவர்களுக்குச் சான்றிதழ் எடுப்பதற்கே பல மாதங்கள் அலைந்த உறவினர்கள் எங்களுக்கு நாவலடியில் இருந்தார்கள். ஆகையால் அந்தப் பை எங்கள் வீட்டில் கேள்விக்கு அப்பாற்பட்டது.

பக்கத்து வளவு மாமா கடற்றொழில் செய்பவர். கடலுக்குப் போக வேண்டாமென்ற அறிவித்தல் முன்னரே வந்துவிட்டதனால், அவர் தன் ஃபைபர் படகை வாவிப் பக்கம் கொண்டுவந்து, ஆட்களைச் சேர்த்துக் கரையில் வெகுதூரம் இழுத்து ஏற்றியிருந்தார். எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, வீட்டின் முன்னறையில், சாமிப் படங்களுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார். வலையையும் உள்ளே கொண்டுவந்துவிட்டதனால் அந்த அறையில் மனிதர் உட்கார இடமிருக்கவில்லை. பெற்றோல் வாடை வீடு முழுவதும் அடித்தது. மாமி முணுமுணுத்துக்கொண்டே விளக்கை மட்டும் வேறு அறைக்கு மாற்றினார். கூரை போனால் திரும்பப் போடலாம், எஞ்சின் போனால் கடன் தீராது என்பது மாமாவின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை காண என்னால் முடியவில்லை.

இவ்வளவும் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. அதன் பிறகுதான் காத்திருப்பு தொடங்கியது. வேலை இருக்கும்வரை பயம் தெரிவதில்லை. கை சும்மா இருக்கத் தொடங்கியதும் எல்லாரும் தொலைபேசியை எடுத்தார்கள். ஊரில் வீட்டுக்கொரு வானிலை அவதானி தோன்றினார். ஐரோப்பியக் கணினி வானிலை மாதிரி சூறாவளியின் பாதையென்று ஒரு கோட்டைக் காட்ட, அமெரிக்க மாதிரி இன்னொரு கோட்டைக் காட்ட, இரண்டையும் பார்க்காமலே மூன்றாவது கோட்டைத் தன் குரல் பதிவில் விளக்கியவரின் செய்திதான் வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றியது. நான் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தல்களையும் மட்டும் பார்ப்பதென்று முடிவு செய்திருந்தேன். ஐயமிருந்தால் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம் என்பதையும் குழுவில் இட்டேன். அதை எத்தனை பேர் பார்த்தார்களோ, குரல் பதிவுக்குத்தான் கும்பிடும் கைகள் குவிந்தன. கிராம சேவகர் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து, கடலோரத்து வீடுகளில் இருப்பவர்களைப் பாடசாலைக்குப் போகும்படி கேட்டுக்கொண்டார். அது கொரோனாக் காலமாகையால், ஒரே மண்டபத்தில் முகக்கவசத்தோடு இரவைக் கழிப்பதா, வீட்டிலேயே இருந்து காற்றைப் பார்ப்பதா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. சிலர் இரண்டையும் விட்டுவிட்டுப் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள்.

அம்மம்மா எங்கும் போகவில்லை. நடு அறையில், கிழக்கு யன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். எழுபத்தெட்டில் நடுவில் காற்று சட்டென்று ஓய்ந்ததையும், தப்பிவிட்டோமென்று வெளியே வந்தவர்களை மறுபக்கத்திலிருந்து வந்த காற்று அள்ளியதையும் அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றும் சொன்னார். “காத்து நிண்டுட்டெண்டு வாசலுக்குப் போயிராத மனே. அது திரும்பி வரும்.” சூறாவளியின் கண் ஓரிடத்தின் மேலே நேராகக் கடந்துபோகும்போது நடப்பதும் அதுதான். எங்கள் கரைக்கு நேர் எதிரே மேற்கு நோக்கி வரும் சூறாவளியில் முதலில் காற்று வடக்கிலிருந்து வீசும்; கண் மேலே வரும்போது ஓயும்; கண் நகர்ந்ததும் தெற்கிலிருந்து வீசும். முதல் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து தப்பிய மரத்தை இரண்டாவது காற்று மறுபக்கமாக முறித்துப் போடும்.

இரவானதும் காற்று வந்தது. ஆனால், நாங்கள் அடைத்துவைத்திருந்த கடற்பக்கத்து யன்னல்களில் அல்ல. குசினிக் கதவுதான் முதலில் அடித்துக்கொண்டது. அது மேற்கே, வாவியைப் பார்த்திருக்கும் கதவு. அப்பா எழுந்துபோய் அம்மிக் குழவியை அண்டைகொடுத்து வைத்துவிட்டு வந்து, “இதென்ன, காத்து கரையிலிருந்து கடலுக்குப் போகுது” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அன்றிரவின் செய்தி முழுவதும் இருந்தது. பூமியின் வட அரைக்கோளமான எங்கள் பாதியுலகத்தில் சூறாவளிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. எனவே அதன் மையம் எங்களுக்கு வடக்கே கரையேறினால், தெற்கில் இருக்கும் எங்களுக்குக் காற்று மேற்கிலிருந்துதான் வரும்; அது கடல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளும். மையம் எங்களுக்குத் தெற்கே, கல்முனைப் பக்கமோ அக்கரைப்பற்றுப் பக்கமோ ஏறினால், காற்று கடலிலிருந்து நேராக எங்கள் மேல் வந்து, கூடவே கடலையும் கொண்டுவரும். டச்பாரிலும் நாவலடியிலும் கடலுக்கும் வாவிக்கும் இடையே இருக்கும் நிலத்தின் அகலத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை அறிக்கைகளில் “இந்த இடத்துக்கும் இந்த இடத்துக்கும் இடையே கரையைக் கடக்கும்” என்று வரும் வரியை நாங்கள் தூரம் என்று மட்டும் வாசிக்கிறோம். அது எந்தப் பக்கம் என்று வாசிக்கப் பழக வேண்டும். திணைக்களமும் அதைக் கிராமத்தவருக்கு விளங்கும் தமிழில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு விளங்கவில்லை.

புரெவி அன்றிரவு பத்தரை மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையில், திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் அண்மையில், மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது. எங்களிடமிருந்து அது ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தூரம். பிறகு வடக்கைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கி, அங்கேயே தரித்து நின்று வலுவிழந்தது. மறுநாள் காலையில் தேநீர்க் கடையில் ஒரே கேலி. “சூறாவளி எண்டாங்கள், குசினிக் கதவுதான் ஆடினது” என்ற பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் இல்லை. பாடசாலையில் இரவைக் கழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்தும் சிரித்தார்கள்; அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடலில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றின் பாதையை முன்கூட்டிக் கணிக்கும்போது, 140 கிலோமீட்டர் விலகல் என்பது வானிலையாளருக்குப் பெரிய விலகல் அல்ல. அதன் அடியில் வாழ்பவருக்கோ அது சாவுக்கும் பிழைப்புக்கும் இடையிலான தூரம். அந்த இரவு வீட்டை விட்டுப் போனவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர். ஆனால் கேலியின் விலை அடுத்த எச்சரிக்கையில் தெரியும். ஒருமுறை சிரிக்கப்பட்டவர் மறுமுறை பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வரத் தயங்குவார். மாமாவுக்குக் கேலி செய்யவும் மனமிருக்கவில்லை. தொழிலுக்குப் போகாத நாட்களுக்கு எவரும் அவருக்குக் கூலி கொடுக்கவில்லை. வராத சூறாவளிக்கு நிவாரணப் பட்டியல் கிடையாது.

எழுபத்தெட்டு எங்களுக்குக் கடலைப் பார்க்கவும் காற்றுக்குப் பயப்படவும் கற்பித்தது. சுனாமி அந்தப் பாடத்தை இன்னும் இறுக்கியது. அதன் பிறகு எங்களை வருத்தியவற்றுள் பெரும்பகுதி முதுகுப் பக்கமாக வந்த தண்ணீர். 2011 ஜனவரியில் இலங்கையில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பாதித்து, மட்டக்களப்பைக் கடுமையாக வருத்திய வெள்ளத்துக்குப் புயலின் பெயர் எதுவும் கிடையாது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளப்பட்டுப் பிள்ளைகள் மாண்டபோது, கடலில் இருந்த அந்தத் தாழமுக்கத்துக்கு ஃபெங்கல் என்ற பெயர்கூட இன்னும் வைக்கப்பட்டிருக்கவில்லை. அது எங்கள் கரையில் ஏறவுமில்லை, புதுச்சேரிப் பக்கம்தான் போனது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா இலங்கையில் அறுநூறுக்கும் அதிகமானோரைப் பலிகொண்டபோதும், அவர்களில் பெரும்பாலானோர் மலையகத்து மண்சரிவுகளிலும் வெள்ளத்திலும் இறந்தவர்கள். கிழக்குக் கரையில் நின்று கடலைப் பார்த்திருப்பவருக்கு இவற்றுள் எதுவும் தெரிந்திராது.

மேற்கே பெய்யும் மழை, முந்தனையாற்றின் வழியாகவும் சிறு ஆறுகளின் வழியாகவும் படுவான்கரை வயல்களைக் கடந்து வாவிக்குள் இறங்குகிறது. ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்ட வாவிக்குக் கடலில் கலக்க இருக்கும் வாய்களோ ஒடுங்கியவை. பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் தண்ணீர் போக வழியின்றி ஊர்களுக்குள் ஏறும். அப்போது மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். அதை எந்த நேரத்தில் வெட்டுவது என்பது வயற்காரருக்கும் வாவியில் மீன் பிடிப்பவருக்கும் ஒருபோதும் ஒத்துவராத விடயம். முன்னவருக்குப் பயிர் அழுகுமுன் வெட்ட வேண்டும், பின்னவருக்கு மீனும் இறாலும் தண்ணீரோடு போய்விடக் கூடாது. இதற்கிடையில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், மழை விட்டுக் கல்லடியில் வெயில் அடிக்கும் நாளில் வவுணதீவுப் பக்கத்து வீதிகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்.

என் அக்கா கிரானுக்கு அப்பால், புலிபாய்ந்தகல் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மாரியில் கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால், அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் படகைத் தவிர வழியில்லை. எனவே அக்காவின் காத்திருப்பு எங்களுடையதைப் போல ஒரு இரவில் முடிவதில்லை. தொலைக்காட்சியில் வரும் சுழல் படத்தை அவர் பார்ப்பதில்லை. பாலத்தின் தூணில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறதென்று அத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதைத்தான் கேட்கிறார். அரிசி, மண்ணெண்ணெய், மாமியாரின் பிரஷர் மாத்திரை, பிள்ளைக்குப் பால்மா எல்லாம் கார்த்திகை பிறக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடும். மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டுவது அத்தானின் வேலை. கன்றுகளை அதற்கும் முதலே ஓட்டிவிட வேண்டும், ஏனென்றால் இடுப்பளவு ஓட்டத்தில் கன்று நிற்காது.

புரெவி இரவில் நாங்கள் பயந்துகொண்டு அவருக்கு அழைத்தபோது, இங்கே காற்று எப்படி என்று கேட்டுவிட்டு, அங்கே மழை எப்படி என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: “உங்கட காத்து விடியிறதுக்குள்ள போயிரும். மேல பெய்ஞ்ச தண்ணி நாளைக்கோ நாளண்டைக்கோதான் எங்களுக்கு வரும். அப்ப ஒருக்கா எடுங்க.”