ஆடலாம், கொப்பியைப் பார்க்கக் கூடாது

எங்கள் அப்பப்பா வடமோடிக் கூத்து அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கும் ஆசான். கூத்துக் கொப்பியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார், ஆடுகிறவனுக்குக்கூட அவனுடைய பாட்டை வாயால்தான் சொல்லிக்கொடுப்பார். ஆரையம்பதி வீட்டில் ஒரு மாதமாக இரவில் விழித்திருந்து எக்ஸ்வி6 என்ற, மாணவர்கள் படிப்பதற்காக எழுதிய சிறிய இயங்குதளத்தின் கேர்னலில் (அதன் மையப் பகுதியில்) நான் செய்ததும் கிட்டத்தட்ட அதே வேலைதான்: புரோகிராமின் கட்டளைகள் ஓட வேண்டும், ஆனால் அவற்றை யாரும் வாசிக்கக் கூடாது.

எழுதக்கூடிய பக்கம் (நினைவகத்தின் ஒரு துண்டு) ஓடக் கூடாது என்ற விதியை ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2003இலேயே கொண்டுவந்துவிட்டது. அதனால் தாக்குகிறவன் புதிதாக எதையும் எழுதி ஓட்டாமல், ஏற்கெனவே இருக்கும் கட்டளைத் துண்டுகளைப் பொறுக்கி மாலையாகக் கோக்கிறான். முகவரிகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும், வாசிக்க முடிந்தால் அவன் தேடிப் பிடித்துவிடுவான். 2023இல் வந்த ஓபன்பிஎஸ்டி 7.3 அந்த வாசிப்பையே பல கணினி வகைகளில் அடைத்தது, அதைப் படித்த பிறகுதான் எனக்கும் கை துருதுருத்தது.

ஒவ்வொரு பக்கமும் எங்கே இருக்கிறது, அதை என்ன செய்யலாம் என்ற பட்டியல்தான் பேஜ் டேபிள். சாதாரண இன்டெல் பேஜ் டேபிளில் வாசிப்புக்கென்று தனி பிட் கிடையாது, பக்கம் இருந்தால் வாசிக்கலாம், அவ்வளவுதான். அதனால் அங்கே, வாசிப்பைத் தனியே தடுக்க உதவும் 16 பாதுகாப்புச் சாவிகள் உள்ள புதிய சிப்களை நம்ப வேண்டியிருக்கிறது. என் எக்ஸ்வி6 ஓடும் ரிஸ்க்-ஃபைவ் வகைச் சிப்பில் வாசி, எழுது, ஓடு என மூன்றும் தனித்தனி பிட், 'ஓடு' மட்டும் போட்டால் போதும். ஒரு வரி மாற்றம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

முதல் புரோகிராமே விழுந்தது, காரணம் எண் 13, அதாவது வாசிப்பில் பேஜ் ஃபால்ட், அனுமதியில்லாத பக்கத்தை வாசிக்கப் போனதால் சிப் மறித்த பிழை. எக்ஸ்வி6இன் லிங்கர் கோப்பு (புரோகிராமின் பகுதிகளை எங்கே அடுக்குவது என்று சொல்வது), கட்டளைகளையும் திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப்புக்குக் கொடுக்கும் சொற்களையும் ஒரே பக்கத்தில் ஒட்டி வைக்கிறது, பாவம், தன்னுடைய சொல்லையே புரோகிராமால் வாசிக்க முடியவில்லை. மாறாத தரவை வேறு பக்கத்துக்கு நகர்த்தித் தனிப் பிரிவாக்கியதும், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கும் ஷெல் எழும்பியது.

அப்புறம்தான் பெரிய ஓட்டை கண்ணில் பட்டது. புரோகிராமின் தொடக்கமான மெயினின் முகவரியைக் கொடுத்து, 64 பைட்டைத் திரையில் எழுது என்று கேர்னலுக்கு ரைட் அழைப்பை விட்டேன். கேர்னல் மறுபேச்சில்லாமல் அவ்வளவையும் கொட்டியது! எக்ஸ்வி6இல் காப்பிஇன் (புரோகிராமின் தரவைக் கேர்னலுக்குள் எடுக்கும் பகுதி), பேஜ் டேபிளைத் தானே நடந்து பார்த்து நேரடி முகவரியைப் பிடிக்கிறது, வாசிக்கும் பிட்டைப் பார்ப்பதே இல்லை. கொப்பியைப் பூட்டிவிட்டு, வாசலில் வந்து கேட்கிறவனுக்கெல்லாம் அப்பப்பாவே வாசித்துக் காட்டினால் பூட்டு எதற்கு? என்னைக் கேட்டால் இந்தப் பாதுகாப்பின் உயிரே இந்த இடம்தான், வன்பொருள் பிட் அதற்குப் பிறகுதான்.

வாசிக்கும் பிட் இருக்கிறதா என்ற சோதனையை, காப்பிஇன் முகவரி தேடப் பயன்படுத்தும் வாக்அட்ரஸில் போட்டேன், உடனே கேர்னல் பானிக் ஆனது, அதாவது அப்படியே நின்றுவிட்டது. புரோகிராமை நினைவகத்தில் ஏற்றும் லோட்செக்கும் அதே வழியால்தான் போகிறது, அதையும் நான் மறித்துவிட்டேன். சரி என்று காப்பிஇன்னுக்குள் மட்டும் வைத்தேன். இப்போது அதே அழைப்பு 0 தருகிறது, ஒரு பைட்கூட வெளியே வரவில்லை.

இன்னும் காப்பிஇன்ஸ்டர் மிச்சம், கோப்புப் பெயர் போன்ற சொற்களைக் கேர்னலுக்குள் எடுப்பது அதுதான். கட்டளைகளின் முகவரியையே கோப்புப் பெயர் என்று, புதிதாக உண்டாக்கு என்ற குறியோடு ஓபன் அழைப்புக்குக் கொடுத்தால், அந்த பைட்டுகள் பெயராக டைரக்டரியில் போய் உட்கார்ந்துவிடும், எக்ஸ்வி6இல் ஒரு பெயருக்கு 14 பைட் வரை இடம் இருக்கிறது. நாளை இரவு அதைத்தான் அடைக்கப் போகிறேன்.