கரஸில் எம்.பி.ஏ.: ஓர் இனிஷியலும் ஓர் ஆப்சென்ட்டும்

ஒன்பது வருடமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் எச்.ஆர். வேலை. "பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு. இது ஒத்து வராது தம்பி, சரி பண்ணிட்டு வா" என்று எத்தனை பையன்களைத் திருப்பி அனுப்பியிருப்பேனோ, கணக்கே இல்லை. அவர்களில் எவனோ ஒருவன் விட்ட சாபம்தான் 2024 செப்டம்பரில் எனக்குப் பலித்தது.

பி.காம். முடித்த கையோடு வேலைக்கு வந்தவள் நான். எங்கள் கம்பெனியில் அசிஸ்டன்ட் மேனேஜர் ஆக முதுகலை வேண்டும். என்னிடம் சம்பளக் கணக்கு (பேரோல்) கற்றுக்கொண்ட பெண் எம்.பி.ஏ. இருந்த காரணத்தால் எனக்கு மேலே போனாள். நல்ல பெண்தான், இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை என்பதால் கரஸ், அதாவது தொலைநிலைக் கல்வி.

முதலில் ஒரு ஏஜென்ட் மாட்டினார். "ஒரே வருஷத்துல எம்.பி.ஏ. மேடம், பரீட்சைக்குக்கூட வர வேண்டாம்" என்றார். கரஸில் எம்.பி.ஏ. 2 வருடத்துக்குக் குறைந்து கிடையாது என்றேன், போனை வைத்துவிட்டார். கரஸில் எல்.எல்.பி. வாங்கித் தருகிறேன் என்று இன்னொருவர் வந்தார். தொலைநிலையில் படித்த சட்டப் பட்டத்தை பார் கவுன்சில் ஏற்காது என்பது பாவம், அவருக்குத் தெரிந்தே இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்க்காமல் எங்கேயும் பணம் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்பும் சேரும் பருவமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் சேர்ந்தவர்களின் பயோடேட்டாவை ஒதுக்கி வைக்கும் வேலையையும் நானே செய்திருக்கிறேன்.

சேர வேண்டிய பல்கலைக்கழகத்தைப் பிடித்தாயிற்று. அப்புறம்தான் டெப் ஐடி, அந்த யூ.ஜி.சி. பிரிவு மாணவருக்குத் தரும் எண். 2024-லிருந்து இது இல்லாமல் தொலைநிலைப் படிப்பில் சேர முடியாது. டிஜிலாக்கரில் நுழைந்து ஏ.பி.சி. ஐடி (படிப்பு மதிப்பீடுகளைச் சேமிக்கும் கணக்கு எண்) எடுத்து, அதை வைத்து டெப் ஐடி எடுக்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். பெயர் நேராக ஆதாரிலிருந்து வந்து உட்காரும், நாம் கை வைக்க முடியாது. என் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல். ஆதாரிலோ பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக. பான் கார்டில் இனிஷியல் வைக்க விட மாட்டார்கள் என்பதால் பான், வங்கி, பி.எஃப். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவைத்த கெட்டிக்காரி நான்தான்.

"சர்டிபிகேட்டும் ஆதாரும் மேட்ச் ஆகல மேடம். ஆதாரை மாத்திட்டு வாங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். தலையைத் தூக்கவே இல்லை.

மாற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத்தானே தெரியும். பி.எஃப். கணக்கில் பெயர் திருத்த, தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷனைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் கோப்பு அப்போது என் மேஜையில்தான் கிடந்தது. போதாததற்கு ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். மாட்டேன் என்றேன். மூன்றாவது முறை போனபோது வேறொருவர் இருந்தார். "ரெண்டும் ஒரே ஆள்னு ஒரு அஃபிடவிட் போட்டு நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வாங்களேன்மா, முடிஞ்சுது" என்றார். ஷாப் ஃப்ளோர் பையன்களிடம் நான் கேட்டு வாங்கும் அதே முத்திரைப் பத்திரம்! எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

வேறு பல்கலைக்கழகத்தில் சேர பழைய பல்கலைக்கழகம் தரும் மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்காக ஒரு லீவு வீணானது தனிக் கதை. பி.காம். படித்த பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் "நேரில் விண்ணப்பிக்கவும்" என்று போட்டிருந்தது. ராத்திரி பஸ் ஏறி, காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவி, பத்து மணிக்குப் போய் நின்றேன். "அது இப்ப ஆன்லைன்லதாம்மா, இந்தக் கவுண்டரை மூடி ஒரு வருஷமாச்சே" என்றார் வாட்ச்மேன். அவர் காட்டிய போர்டில் கையால் எழுதி ஒட்டியிருந்தது. அந்த வாசலிலேயே நின்று செல்போனில் பணம் கட்டிவிட்டுத் திரும்பினேன். பன்னிரண்டாம் நாள் தபாலில் வந்தது. இருந்த இடத்திலிருந்தே கட்டியிருக்கலாம்.

ஃபீஸ், புத்தகம், அசைன்மென்ட், முதல் செமஸ்டர் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. 30 மதிப்பெண் அசைன்மென்ட்டுக்கு, 70 தேர்வுக்கு. அசைன்மென்ட்டைக் கடைசி நாளில் ஏற்றாதீர்கள், போர்ட்டல் படுத்துவிடும்.

இரண்டாம் செமஸ்டர் தேர்வு 2025 ஜூன் 14, 15. மாதம் 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டும் கட்டியாக வேண்டும் என்பது எச்.ஆரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிவரை இருந்து சலானை எல்லாம் முடித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் தொழிலாளர் சட்டப் புத்தகத்தைத் திறந்தால், மகப்பேறு விடுப்பு 12 வாரம் என்று இருக்கிறது. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 15,000 ரூபாய். இரண்டுமே 2017-ல் மாறியவை. விடுப்பு 26 வாரம், வரம்பு 21,000. அதற்கு முந்தின மாதம்தான் அசெம்ப்ளி லைன் பெண் ஒருத்திக்கு 26 வாரம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

கேள்வி அதிலேயே வந்தது. புத்தகத்தில் உள்ளதை எழுதினால் மதிப்பெண் உறுதி. பேனா 12-க்குப் போகவே மறுத்தது. 26 வாரம் என்று எழுதி, "2017 திருத்தத்தின்படி" என்று அடிக்கோடும் இட்டேன். அந்தத் தாளை எழுதின மாதிரி நான் எந்தத் தாளையும் எழுதியதில்லை.

செப்டம்பரில் ரிசல்ட். மற்றதெல்லாம் பாஸ். தொழிலாளர் சட்டத்துக்கு நேரே "ஏபி". ஆப்சென்ட். பல்கலைக்கழகக் கவுண்டரில் போய்க் கேட்டேன்.

"நீங்க எழுதலன்னு இருக்கே மேடம்."

"எழுதினேன் சார்."

"அப்படின்னா அரியர் ஃபீஸ் கட்டி டிசம்பர்ல மறுபடி எழுதிருங்க. இதைத் துரத்துறதைவிட அது ஈஸி."

உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வருகைப் பதிவு மெஷினில் பஞ்ச் விழவில்லை என்று ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும் ஆட்களிடம் "மெஷின்ல இல்லையே, சாட்சி இருக்கா?" என்று கேட்பவள் நான். என்னிடம் சாட்சி இருந்தது. ஹால் டிக்கெட்டின் பின்பக்கம், ஒவ்வொரு தாளுக்கும் நேரே தேதியோடு கண்காணிப்பாளர் கையெழுத்து. தேர்வு முடிந்ததும் நிறைய பேர் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள், நான் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தேன். அதன் நகலோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கடிதத்தைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தபால் பிரிவுக்குப் போய் உங்கள் நகலில் கடிதம் வந்து சேர்ந்ததற்கான இன்வர்டு சீலும் நம்பரும் வாங்குங்கள். இரண்டாம் முறை போனபோது "எந்த லெட்டர்?" என்றுதான் கேட்டார்கள். நம்பரைச் சொன்னேன், கட்டிலிருந்து உருவி எடுத்தார்கள். தேர்வு மையத்திலிருந்து ஒரு ஷீட் வந்து சேரவில்லையாம், அவ்வளவுதான் விஷயம்.

நவம்பர் நடுவில் மதிப்பெண் ஏறியது. 71. அதே மாதம் 21-ஆம் தேதி பழைய சட்டங்களை ஒன்றாகச் சேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்து, நான் அடிக்கோடு போட்டு எழுதிய சட்டமும் அதில் ஒன்றுக்குள் போய்விட்டது. எங்கள் புத்தகத்தில் இன்னும் 12 வாரம்தான்.

இப்போது நான்காவது செமஸ்டருக்கு ஃபீஸ் கட்டியாயிற்று. பட்டத்துக்கான விண்ணப்பத்தையும் போர்ட்டலில் திறந்துவிட்டார்கள். அதில் முதல் கட்டம், "பட்டச் சான்றிதழில் அச்சிட வேண்டிய பெயர்". இனிஷியலை முன்னால் போட்டால் டெப் ஐடியோடு சேராது, அப்பா பெயரைப் பின்னால் போட்டால் பி.காம். சான்றிதழோடு சேராது. மூன்று நாளாக அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். அஃபிடவிட்டை மட்டும் இன்னும் நாலு நகல் எடுத்து வைத்தாயிற்று.