லத்தீன் வேற்றுமை: ஆறாவதிலிருந்து தொடங்குங்கள்

குருமடத்துக்குப் போகவிருக்கும் திருகோணமலைத் தம்பிமாருக்கும், பாடகர் குழுவில் லத்தீன் பாடல்களைப் பொருள் தெரிந்து பாட விரும்பும் தங்கைமாருக்கும் இது.

அட்டவணையை மேலிருந்து கீழாகப் பாடமாக்க வேண்டாம். முதலில் ஆறாம் வேற்றுமை (‘உடைய’ என்ற பொருள்; எண்கள் நம் தமிழ் இலக்கண முறையில்) ஒருமையைப் பிடியுங்கள். ஏ, ஈ, இஸ், ஊஸ், ஏயி: ஈறு மாறும் விதத்தால் பிரித்த ஐந்து வகைகளில் ஒரு பெயர் எதைச் சேர்ந்தது என்பதை இந்த ஈறுகள்தான் காட்டும். அகராதியில் பெயருக்கு அடுத்து அச்சாகியிருப்பதும் இந்த வடிவமே. ஈற்றை நீக்கினால் அடி கிடைக்கும். உடலைக் குறிக்கும் கோர்புஸுக்கு ஆறாவது கோர்போரிஸ், அடி கோர்போர். நமக்கு இது புதிதே இல்லை. ‘மரமை’ என்று யார் சொல்கிறோம்? மரம் ‘மரத்து’ ஆன பிறகுதானே ஐ சேர்கிறது!

கோர்புஸ் போன்ற அலிப்பாற் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத) பெயர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அவற்றில் முதலாவதும் இரண்டாவதும் ஒரே வடிவம். பன்மையில் இரண்டும் அகரத்தில்தான் முடியும்.

தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிடும் இடம் பன்மை. நாம் ‘கள்’ போட்டு அதே ஐயைச் சேர்க்கிறோம். லத்தீனில் எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றுக்குள் கலந்துவிடும்: அரசனை என்றால் ரேஜெம், அரசர்களை என்றால் ரேஜேஸ். ஆகவே ஒருமை, பன்மையைச் சோடியாகவே கொப்பியில் எழுதுங்கள். பன்மையில் நான்காவதற்கும் ஆப்லேட்டிவுக்கும் (‘ஆல்’, ‘இலிருந்து’, ‘இல்’ போன்ற பொருள் தரும் வேற்றுமை) எப்போதும் ஒரே ஈறு என்பதால் பாதிச் சுமை குறையும்.

ஈறுகளைத் தமிழ் எழுத்தில் எழுதுவதுதான் என் உறுதியான பரிந்துரை. முதல் வகையில் எழுவாய் குறில் அ, ஆப்லேட்டிவ் நெடில் ஆ. நான்காம் வகையில் எழுவாய் உஸ், ஆறாவது ஊஸ். மேலே கோடு போடாத லத்தீன் அச்சில் இவை ஒன்றுபோலவே தெரியும். நம் எழுத்து பிரித்துக் காட்டிவிடும்.

பயிற்சிக்கு ‘ஆவே மரியா’ செபத்தை எடுங்கள். கிராட்சியா, ஓரா (‘இன் ஓரா’வில் வருவது; ‘ஓரா ப்ரோ நோபிஸ்’ஸில் வருவது வினை) முதல் வகை, இரண்டும் ஆப்லேட்டிவ். தோமினுஸ் இரண்டாம் வகை. வென்ட்ரிஸ், மோர்திஸ் மூன்றாம் வகையின் ஆறாவது. ஃப்ருக்துஸ் நான்காம் வகை எழுவாய். அதில் ஐந்தாம் வகை இல்லை. அதற்கு தியேஸ், ரேஸ் இரண்டையும் படித்தால் போதும். அந்த வகையில் பன்மை முழுமையாக உள்ளவை இவை இரண்டே.