ராகி மாவில் ஒரு வயல்

காவேரிப்பட்டணத்துக்கு வந்து நாலு நாள் ஆகிறது. ஜனவரியில் ஜெர்மனி திரும்பியதும் ஆய்வுக் குழுவிடம் முதலாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். ‘இந்த ஆண்டு செய்து முடித்தவை’ என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு வரி எழுதி, அதில் ஒன்றை அடித்தும் விட்டேன். தெருவில் பார்க்கிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்: “அங்க போயி என்னப்பா முடிச்ச?”

ஒன்றும் முடிக்கவில்லை. கோதுமை வேரில் ஆய்வு. முதல் ஆறு மாதத்து மாதிரிகள் மொத்தமும் வீண். உறைபெட்டியைச் சரியாக மூடாமல் போனது நான்தான்.

நான் இருக்கும் கோட்டிங்கன், 1737-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த சின்ன ஊர். கணித மேதை காஸ் வாழ்ந்து மறைந்த இடம். எனக்கோ முதலில் பழகாதது அந்த ஊர்க் கடிகாரம். அட்டவணையில் 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் ‘சி.டி.’ என்றிருந்தால் வகுப்பு 10:15-க்குத்தான். அது தெரியாமல் 9:50-க்கே போய், காலி அறையில் தனியாக உட்கார்ந்து, தப்பான கட்டடமோ என்று வியர்த்தேன். டிசம்பரில் நாலே கால் மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அறைக்குப் போய் ஊருக்கு போன் போட்டால், இங்கே மணி எட்டே முக்கால், அப்பா பாதித் தூக்கத்தில் இருப்பார். போன குளிர்காலம் முழுக்க இப்படித்தான்.

அப்புறம் அந்தத் தொப்பி வந்தது. அங்கே ஒருவர் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் தேறியதும், கூட வேலை செய்கிறவர்கள் கையால் செய்த தொப்பியை மாட்டி, ஜோடித்த கைவண்டியில் உட்காரவைத்து, பழைய நகர மன்றத்தின் முன்னால் இருக்கும் நீரூற்றுக்கு இழுத்துப் போவார்கள். 1901-இல் வைத்த வாத்துக்காரச் சிறுமி சிலையின் நகல் அங்கே உண்டு. புது முனைவர் மேலே ஏறி அதற்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும். நடுவில் முத்தத்துக்குத் தடையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள், யாரும் மதிக்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் தேர்வுக்கு நின்ற பெண் நாலு வருஷம் ஒரே வயல் மண்ணைக் கிண்டியவள். தொப்பியின் தட்டையான உச்சியில் அவளுடைய சைக்கிள், பூனை எல்லாம் கம்பியிலும் அட்டையிலும் வந்துவிட்டன. வயல் என் பொறுப்பு. கறுப்பு அட்டையில் பசையைத் தடவி, அம்மா கொடுத்தனுப்பிய ராகி மாவை டீ வடிகட்டியில் சலித்துத் தூவினேன். ஈரம் ஏறியதும் மாவு கருஞ்சிவப்பாகிவிட்டது. பல்குச்சியால் கீறிச் சால் போட்டேன். அசல் எங்கள் மானாவாரிக் கொல்லை. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தன் விரலால் தொட்டு நக்கி, இதைத் தின்னலாமா என்று கேட்டான்.

அடுத்த வாரம் ஆய்வகச் சமையலறையில் களி கிளறினேன். ஒன்பது பேர். மெல்லக் கூடாது, உருட்டி விழுங்கணும் என்று சொல்லியும் ஒருவர் மரியாதையாக ஐந்து நிமிஷம் மென்றார். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னை யாராவது வந்து கூப்பிடாத நாள் அபூர்வம். இதை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நேற்று அப்பாவோடு தோப்புக்குப் போனேன். மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாமரங்கள். போன பருவத்தில் கிளை ஒடியக் காய்த்தவை, இப்போது பூ எடுக்காமல் செம்புத் துளிராக விட்டுக்கொண்டிருந்தன. “இந்த வருஷம் காய்ப்பு கம்மிதான்” என்றார், மழை வரும் என்பது மாதிரி சாதாரணமாக. என் உறைபெட்டிக் கதையை அவரிடம் அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். “மிச்சம் ரெண்டு வருஷம் இருக்குல்ல?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

அம்மாதான் கோபித்துக்கொண்டார். “திங்கற மாவை எடுத்து அட்டையில ஒட்டுவாங்களா?” பிப்ரவரியில் இன்னொருவருக்குத் தேர்வு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இன்று பெட்டியைத் திறந்தால் ராகி மாவு இரண்டு பொட்டலம். பெரியதைத் தொட்டு, “இது களிக்கு” என்றார். சின்னது, சலித்தபின் மிஞ்சிய திப்பி. “ஒட்டறதா இருந்தா இதை ஒட்டு.”